நார் அடிக்கும் மெசின்: நாலு வருடப் பாவனைக்குப் பிறகு

போன கிழமை கிளிவெட்டியில் இருந்து சிநேகிதி ஒருத்தி கோல் எடுத்தாள். "அக்கா, நார் மெசின் விலை நல்லா இறங்கிட்டாம். நானும் ஒண்டு எடுக்கட்டா? உங்கட மெசின் எப்படி?"

அந்த நேரம் பார்த்து நான் மெசினின் பக்கத்தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, குந்தியிருந்து, ஷாஃப்டில் சுற்றிக் கிடந்த நாரை மீன் வெட்டுகிற கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிடாமல் "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மெசின் கிண்ணியாவுக்குப் போய்த் திருத்தி வந்துவிட்டது. கோபமும் கொஞ்சம் ஆறியிருக்கிறது. அவளைப் போல நாலைந்து பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன். கற்றாழை மடலையோ வாழைமடலையோ உள்ளே விட்டால், சுற்றுகிற ட்ரம்மில் உள்ள தகடுகள் சதையை அடித்து எடுத்துவிட்டு நாரை மட்டும் விடும், அதுதான் இந்த மெசின். மோட்டார் எத்தனை குதிரைவலு, ட்ரம்மில் எத்தனை தகடு என்பதெல்லாம் கடையிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

என் காணி திருகோணமலைப் பக்கம், சம்பூரில். 2006 இல் சண்டைக்குள் விட்டு ஓடின காணி. கிளிவெட்டி அகதி முகாமில் இருந்துவிட்டு 2016 இல் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணற்றுக்கட்டு இல்லை, நின்ற தென்னைகளையும் காணோம். வேலியோரத்து ஆனைக்கற்றாழை மட்டும் கன்று வைத்து, கன்று வைத்து, எல்லையைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. அதைத் துப்புரவாக்க ஆள் பிடிக்கக் காசில்லாமல்தான் அதிலிருந்து நார் எடுக்கலாம் என்ற யோசனை வந்தது. இப்போது வரிசையாகப் பிரித்து நட்டு முந்நூறு வரை நிற்கிறது. வெளியில் இதைச் சிசல் என்கிறார்கள்.

மெசினுக்கு முன்னர் அம்மம்மா காலத்து முறையில்தான் எடுத்தோம். மடலைக் கட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த நாற்றத்தோடு தூக்கி, பலகையில் வைத்து மொட்டைக்கத்தியால் வழிக்க வேண்டும். நாள் முழுக்க வழித்தாலும் அரைக் கிலோ தேறாது. மடல்சாறு பட்ட இடமெல்லாம் கடிக்கும். ஊறின நார் மஞ்சள் பூத்துத்தான் வரும். 2021 கடைசியில் மெசின் வந்து முதல் மடலை உள்ளே விட்டு இழுத்தபோது, கையில் வந்தது வெள்ளை வெளேரென்ற நார். நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் அந்த முதல் பிடியைக் கழுவிச் சாமிப்படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

இந்த மெசினில் எனக்கு ஆகப் பிடித்தது அதன் வாய். மடலை விடுகிற அந்த வாய், முழங்கையில் இருந்து விரல்நுனி வரை நீளம். சும்மா மடலை விடுகிறபோது கை ட்ரம்முக்குக் கிட்டப் போகாது. இது சின்ன விசயமில்லை. உலகத்திலேயே கூடுதலாகச் சிசல் எடுக்கிற பிரேசிலில், பரைபானா என்ற பழைய மாதிரி மெசினில் விரலையும் கையையும் இழந்த தொழிலாளர்கள் ஏராளம். அரைவாசி மடலை உள்ளே விட்டு, இழுத்து, திருப்பிப் பிடித்து மற்ற அரைவாசியை விடுகிற அதே வேலைதான் நாங்களும் செய்வது. இழுக்கிறபோது வழுக்குகிறது என்று நாரைக் கையில் சுற்றிப் பிடிக்கத் தோன்றும். ஒருநாளும் சுற்றக் கூடாது. எங்கள் குழுவில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது அதற்குப் பிறகு.

ட்ரம்முக்கும் அதற்கு எதிரே அசையாமல் நிற்கிற தகட்டுக்கும் இடையில் விடுகிற வெளியைப் பற்றியும் ஒரு சொல். கற்றாழைக்குப் பழைய தடித்த அஞ்சு ரூபாய்க் குத்தி இறுக்கமாகப் போய்வருகிற அளவு வைக்கிறேன். வாழைமடலுக்கு இரண்டு ரூபாய்க் குத்தி. வெளி கூடினால் பச்சைச் சதை நாரோடு வரும், குறைந்தால் நார் அறும். இரண்டு போல்ட்டால் கூட்டிக் குறைக்கலாம், நாலு வருடத்தில் அது ஒருதரம்கூட இளகவில்லை. சட்டமும் நேராகவே நிற்கிறது. மோட்டாரும் எரியவில்லை. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

விற்றவர் சொன்ன கணக்கில்தான் முதலாவது ஏமாற்றம். "ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோ நார் எடுக்கலாம்" என்றார். எடுக்கலாம், மெசினால் முடியும். ஆனால் பச்சை மடலில் நூற்றுக்கு நாலு பங்குதான் காய்ந்த நார். இருபத்தைந்து கிலோ நாருக்கு அறுநூறு கிலோவுக்கு மேலே மடல் வேண்டும். ஒரு கற்றாழை தன் ஏழெட்டு வருட ஆயுளில் தருவதே இருநூறு, இருநூற்றைம்பது மடல். அப்படியானால் வருடத்துக்கு இருபத்தைந்து, முப்பது. என் முந்நூறு கற்றாழையையும் ஒரு வருடம் முழுக்க வெட்டினால் இந்த மெசினுக்கு எட்டு நாள் வேலை. அதுவும் நட்டு இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகுதான் முதல் வெட்டு. கிளிவெட்டிக்காரி இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அவளிடம் நிற்பது எண்பது கற்றாழை.

அதனால்தான் நாங்கள் வாழைக்கும் போனோம். குலை வெட்டின பிறகு சும்மா அழுகுகிற வாழைக்குத்தியை அக்கம்பக்கத்தில் இருந்து எடுத்து மடலாக உரித்து அடிக்கிறோம். நார் பட்டுப்போல இருக்கும். அந்தப் பட்டுநார்தான் எங்கள் சீவனை எடுத்தது.

ட்ரம்மின் பக்கத்தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெளி இருக்கிறது. அதற்குள் ஷாஃப்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். அடிக்கிறபோது அறுந்து பறக்கிற குறுநார் அந்த வெளிக்குள் போய் ஷாஃப்டைப் பிடிக்கும். முதலில் பஞ்சு மாதிரிப் பொதபொதவென்று ஒரு வளையம். பத்து நிமிசத்தில் அது ஈரக்கயிறாக முறுகும். அரைமணித்தியாலத்தில் கத்தி இறங்காத கட்டை. அந்தக் கட்டை பெயாரிங்கின் றப்பர் மூடியை உரசி உரசித் தின்னும், தின்ற இடத்தால் கற்றாழைச் சாறு உள்ளே இறங்கும். அந்தச் சாறு புளிப்பு, இரும்பை அரிக்கும். கொட்டியாரக்குடாவின் உப்புக்காற்று வேறு. நாலு வருடத்தில் வலப்பக்கத்துப் பெயாரிங் மூன்று மாற்றிவிட்டேன். யூ.சி.பி. 205, எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான்தான். காசு பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் வெட்டிக் குவித்த மடல் வெயிலில் கிடந்து வாடுவதைப் பார்க்கிறதுதான் தாங்காது. வெட்டின மடலை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். வாடினால் சதை நாரோடு ஒட்டிவிடும், பிறகு எந்த மெசினாலும் பிரிக்க ஏலாது.

சுற்றின நாரை எடுக்க ஆறு போல்ட் கழற்ற வேண்டும். நாளுக்கு நாலுதரம். களைத்துப்போன ஆள் நாலாவது தரம் ஆறு போல்ட்டைக் கழற்றாது, வேறு வழி பார்க்கும். மச்சாள் பார்த்தாள். மெசின் ஓடுகிறபோதே பெருவிரல் மொத்தத்துக்கு ஒரு கிளிசரியாத் தடியை அந்த வெளிக்குள் விட்டுக் கிண்டினாள். தடியை மெசின் இழுத்த இழுப்பில் அவளுடைய கை ஒரு சாண் முன்னுக்குப் போய்விட்டது. தடி முறிந்து பாதி பறந்து தகரத்தில் அடித்தது. நான் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்திய பிறகும் ட்ரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாரமான ட்ரம், நாற்பது எண்ணும் வரை நிற்காது. அந்த நாற்பதும் நான் அவளுடைய கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு மிச்ச மடலை அடிக்கவில்லை.

எனக்குக் கோபம் அங்கேதான். முன்பக்கத்தில் கையைக் காப்பாற்ற முழங்கை நீளத்துக்கு வாய் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரியாதா? விற்ற இடத்துக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "அது எல்லா நார் மெசினுக்கும் உள்ளதுதான் அக்கா, ஒழுங்கா கிளீன் பண்ணினாச் சரி" என்றார். ஒழுங்காகக் கிளீன் பண்ணப் போன இடத்தில்தான் ஒருத்தியின் கை போகப் பார்த்தது என்று சொன்னேன். இரண்டாம்தரம் எடுத்தபோது பதில் இல்லை.

போன கிழமை பெயாரிங் மறுபடி கத்தத் தொடங்கியதும் ட்ரம்மை ஷாஃப்டோடும் பக்கத்தகட்டோடும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். பாலங்கள் வந்த பிறகு இது அரைநாள் வேலை. முந்தி என்றால் துறைக்குத் துறை மிதவைப்பாதை ஏறி இறங்க வேண்டும். பட்டறை நானா ட்ரம்மைச் சுற்றிப் பார்த்தார், விரலை அந்த வெளி இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்தார். "தங்கச்சி, இவ்வளவு வெளி உட்டா நார் பூராம என்ன செய்யும்? இது ஒங்கட பிழை இல்ல" என்றார். நாலு வருடத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர். கழித்துப் போட்ட குழாயில் ஒரு வளையம் வெட்டி ட்ரம்மின் பக்கத்தட்டில் ஒட்டினார். அதற்கு மேலே மூடிநிற்கிற மாதிரி சட்டத்துக்கு இன்னொரு வளையம் தந்தார். இரண்டுக்கும் இடையில் இப்போது நகக்கண் அளவு வெளிதான். பக்கத்தகட்டில் கைப்பிடி வைத்து ஒரு சின்னக் கதவும் வெட்டித் தந்தார், போல்ட் கழற்றாமல் திறந்து பார்க்க. புதுப் பெயாரிங்கோடு சேர்த்து 6,500 ரூபாய். வேலை இரண்டு மணித்தியாலம்.

இரண்டு மணித்தியால வேலை. அதை நினைக்க நினைக்கத்தான் மனம் கொதிக்கிறது.

கரண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தில் வெட்டின மடலை எல்லாம் குழியில் போட்டிருக்கிறேன். அது மெசினின் பிழை இல்லை. இப்போது பிரச்சினை இல்லை. மாரியில், கார்த்திகையில் இருந்து தை வரை, அடிக்கவே மாட்டேன். நார் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசுகிறபோது வந்து பார்க்க வேண்டும். அடித்த நாரை உடனே இரண்டு தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால், கடைசிப் பிடியை அலசி முடிக்கும்போது முதல் பிடி காய்ந்து சரசரக்கும். ஊரெல்லாம் அந்தக் காற்றைத் திட்டும். எங்கள் முற்றத்தில் நாற்பது முழத்துக்கு வெள்ளையாய் நார் ஆடும்.

சனிக்கிழமை திருத்தின மெசினில் முந்நூறு மடல் அடித்தோம். நிறுத்தி, ட்ரம் முழுக்க நிற்கும்வரை பார்த்திருந்து, புதுக்கதவைத் திறந்தேன். ஷாஃப்டில் சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒரு நார்வளையம், அவ்வளவுதான். இரண்டு விரலால் இழுக்க வந்துவிட்டது. பெயாரிங்கில் கையை வைத்துப் பார்த்தேன், சூடில்லை. மச்சாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போனாள்.

மூதூரில் ஒருவர் என் மெசினைக் கேட்டார், நான் வாங்கின விலைக்குக் கிட்டத் தருவதாகச் சொன்னார். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். நூறு கிலோ மடலில் நாலு கிலோ நாரை அரை நாளுக்குள்ளேயே எடுத்துத் தருகிற ஒன்றை ஏன் கொடுக்க?

ஆனால் கிளிவெட்டிக்காரி, நீ வாங்காதே. விலை பாதியாகி இருந்தாலும் வாங்காதே. அந்தப் பக்கவெளியை அடைத்து, திறந்து பார்க்க ஒரு கதவும் வைத்து அவர்கள் செய்து தரும்வரை, இந்த மாதிரியில் இன்னொன்று நம் பக்கத்துக்கு வரக் கூடாது என்று நினைக்கிறேன். எண்பது கற்றாழைக்கு உனக்கு மெசின் தேவையும் இல்லை.

உன் மடலை இங்கேயே என் மெசினில் அடிப்போம். வாற சனிக்கிழமை விடிய வெட்டு, முதல் நாளே வெட்டி வைக்காதே. நுனிமுள்ளைக் கொத்திப்போட்டு, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்கு முன்னர் வந்துவிடு. நீளக்கைச் சட்டை போட்டு வா. கையில் பூச எண்ணெய் இங்கே இருக்கிறது.