முதியோர் இல்லத்துக்குப் பூக்கூடையா, மூலிகைத் தொட்டியா?

நான் வேலை பார்க்கும் மதுரை முதியோர் இல்லத்தில், சாயங்கால வேளைக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று பேச்சு வந்தது. மல்லிகை வாங்கிப் பூக் கட்ட வைப்பது ஒரு யோசனை, வராந்தாவில் மூலிகைத் தொட்டி வைப்பது இன்னொன்று. நான் தொட்டி பக்கம் நின்றேன். இன்றும் அதே பக்கம்தான்.

பூவின் அருமை தெரியாமல் இல்லை. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்த பாட்டிகூட, நாரைக் கொடுத்தால் மொட்டை அடுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார். கைப்பழக்கம் அவ்வளவு லேசில் போவதில்லை. ஆனால் தாத்தாக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கணவரை இழந்த பாட்டிகள் சிலர் பூவைத் தொடவே தயங்குகிறார்கள். முகூர்த்த மாதங்களில் மல்லி விலையும் கைக்கு எட்டாது.

எனக்கு இதெல்லாம்கூடப் பெரிதில்லை. மறதி முற்றியவர்களில் பலர் கையில் கிடைப்பதை வாயில் போட்டுவிடுவார்கள். கடைப்பூவில் என்ன மருந்து அடித்தார்களோ, யார் கண்டது? உதிரிப்பூவோடு அரளி கலந்து வந்தால் அது விஷம், இதயத் துடிப்பையே குலைக்கும். கற்பூரவல்லி, துளசி, புதினா, கறிவேப்பிலை எல்லாம் நம் அடுப்படியில் புழங்கும் இலைகள். மருந்து தெளிக்காமல் நாமே வளர்க்கலாம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் முடியாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு எந்த இலையும் தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு இலையைக் கசக்கி, எங்கள் கையிலேயே வைத்து முகரக் காட்டுகிறோம்.

கற்பூரவல்லி ஒன்றே எல்லோருக்கும் வேலை கொடுக்கிறது. நினைவு தெளிவாக உள்ளவர் தண்டை ஒடித்து வேறு தொட்டியில் நடுகிறார், அது பிடித்துக்கொள்கிறது. இன்னொருவர் தண்ணீர் ஊற்றுகிறார். பேச்சு நின்றுபோனவர் அந்தத் தடித்த, மெல்லிய சுணை படர்ந்த இலையைத் தடவியபடி இருக்கிறார். அல்சைமர் நோயில் முகரும் திறன் ஆரம்பத்திலேயே குறையக்கூடும் என்பதால், தொட்டால் தெரியும் இலையாகப் பார்த்து வைப்பது நல்லது. தொட்டிகளைத் தரையில் வைக்காமல், சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் உள்ளே போகிற மாதிரி ஏறக்குறைய இரண்டரை அடி உயர மேசையில் வையுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. அவர்களுக்கும் இதுதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பூக் கட்டுவதை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில், ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும், அரளி கலக்காத பூவாகப் பொறுக்கியெடுத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கட்ட வைக்கிறோம்.