மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கட்டணம் இல்லை, வாய்தா உண்டு

எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருவேன். குறைத்த ஒன்றரையும் வாய்தாவுக்குத்தான்.

வாங்கிய சில மாதங்களிலேயே படுத்துவிட்ட ஃபிரிட்ஜுக்காகப் போனேன். கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டினார், கம்பெனி சர்வீஸ் சென்டரைக் காட்டியது, சர்வீஸ் சென்டர்காரர் எங்கள் வீட்டு வோல்டேஜைக் காட்டினார். வக்கீல் கட்டாயமில்லை என்பதால் மனுவை நானே எழுதி, பில், வாரண்டி அட்டை, அனுப்பிய நோட்டீஸின் நகல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, 50 லட்சத்துக்கே 1,000 ரூபாய்தான். சிவில் கோர்ட்டில் பண வழக்குக்கு, கேட்கும் தொகையில் 3 சதவீதம் கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பலர் குழம்புவது தொகை வரம்பில். பழைய 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் மதிப்பையும் கேட்கும் நஷ்டஈட்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். 2019 சட்டத்தில் நாம் கொடுத்த விலை மட்டுமே கணக்கு. 2021 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் டெல்லியில் தேசிய ஆணையம். ஆக, 30,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு மன உளைச்சல் என்று ஒரு கோடி கேட்டாலும் மாவட்டம்தான். கார் தீப்பிடித்துக் கணவரை இழந்தவர் 50 கோடிக்கு மேல் கேட்ட வழக்கிலும், காரின் விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்டம்தான் என்றானது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்த முறை செல்லும் என்று சொல்லிவிட்டது. என்னைப் போன்ற சில்லறைக் கேஸ்களுக்கு இது வசதி. ஆனால் இன்சூரன்ஸில் கட்டிய பிரீமியம்தான் கணக்கு என்பதால் கோடிக்கணக்கான கிளெய்மும் இதே வரிசையில் வந்து நிற்கிறது, நெரிசல் எப்படிக் குறையும்?

3 மாதத்தில், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எனக்கு வருடம் தாண்டியது. எதிர்த்தரப்பு பதில் மனு போட 30 நாள், போனால் போகிறதென்று இன்னும் 15 நாள், அதோடு சரி. அப்புறம் வந்த வாய்தாக்களில் பாதி, ஆணையத்தில் உறுப்பினர் இல்லை என்பதற்காக.

கடை வெளியூரில் இருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். தீர்ப்பு வந்ததும் பணம் தானாக வந்துவிடும் என்று மட்டும் இருக்காதீர்கள், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட்ட பிறகுதான் எனக்குச் செக் வந்தது.