பத்து நாள் கெடுவும் ஒரு ‘லைசென்ஸ் மீட்பு’ அலுவலகமும்: கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதாகிறவரின் ஓட்டுநர் உரிமம், நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கப்படுவதற்கு முன்பே, மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யின் கையால் முடக்கப்பட்டுவிடக்கூடும். இது தெரியாதவர்களை நம்பியே பிழைக்கும் அலுவலகங்கள் சில இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றிடம் என் சித்தி மகன் 2,500 டாலரைக் கொடுத்து ஏமாந்தான். பணத்தைவிடப் பெரிய இழப்பு, விசாரணை கேட்பதற்குச் சட்டம் தந்திருந்த வாய்ப்பு அவன் கையைவிட்டுப் போனது. அவன் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அவன் செய்தது குற்றம் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, அவனுக்கும் இல்லை. ஆகையால் அந்த அறிவுரையைப் பின்னூட்டத்தில் சொல்ல நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மோசடி முழுவதும் இதைச் சுற்றியே நடந்தது. இரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று பரிசோதனை காட்டினால், காவலர் கலிஃபோர்னியா உரிமத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு, டி.எஸ். 367 என்ற இளஞ்சிவப்புத் தாளைத் தருவார். அந்தத் தாள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: முப்பது நாளைக்குத் தற்காலிக உரிமமாகவும் இருக்கிறது, அதன் பிறகு உரிமம் முடக்கப்படும் என்ற உத்தரவாகவும் இருக்கிறது. முடக்கத்தை எதிர்த்து விசாரணை வேண்டும் என்று, தாள் கைக்கு வந்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் டி.எம்.வி.யின் ஓட்டுநர் பாதுகாப்பு அலுவலகத்திடம் கேட்க வேண்டும். சனி, ஞாயிறும் அந்தப் பத்தில் அடக்கம். கெடுவுக்குள் கேட்டவருக்கு முப்பது நாளுக்குள் விசாரணை நடத்த முடியாமல் போனால், முடிவு வரும்வரை முடக்கம் நிறுத்திவைக்கப்படும். கேட்காதவருக்கு முப்பது நாள் முடிந்ததும் அது தானாக அமலுக்கு வந்துவிடும்: முதல் முறை என்றால் நான்கு மாதம், பரிசோதனைக்கே மறுத்திருந்தால் ஓராண்டு. நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் தேதி பெரும்பாலும் இந்தப் பத்து நாளுக்கு வெகு அப்பால்தான் இருக்கும் என்பதால், பலரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

கைது விவரங்கள் பொதுப் பதிவேட்டில் இருப்பதால், வெளியே வந்த சில நாட்களிலேயே வழக்கறிஞர் அலுவலகங்களின் விளம்பரக் கடிதங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. அதில் தவறில்லை, நேர்மையான வழக்கறிஞர்களும் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் ஒரு கடிதம் மட்டும் உரிமம் போகவே போகாது என்று தடித்த எழுத்தில் உறுதி சொல்லியிருந்தது. முடிவுக்கு உத்தரவாதம் தருவது வழக்கறிஞர்களுக்கான விளம்பர விதிகளுக்கே முரணானது என்பதைப் பின்னால்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அழைத்தபோது பேசியவர் நல்ல தமிழ் பேசினார். “தம்பி, நீங்க கோர்ட் தேதிய மட்டும் பாருங்க, லைசென்ஸ நாங்க பாத்துக்கிறோம்” என்றார். அவமானத்தில் அலுவலகத்திலும் அறை நண்பர்களிடமும் வாய் திறக்க முடியாமல் கிடந்த பையனுக்கு, தாய்மொழியில் ‘தம்பி’ என்று ஒருவர் கூப்பிட்டதே போதுமானதாக இருந்தது. அன்று மாலையே கடன் அட்டையில் முழுப் பணமும் போனது.

அந்த மனிதர் வழக்கறிஞர் அல்லர். முதுநிலை ஆலோசகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். கடிதத்தின் தலைப்பில் பெயர் இருந்த வழக்கறிஞர் கடைசிவரை ஒருமுறைகூடப் பேசவில்லை. கட்டணம் 1,000 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால், வழக்கறிஞர் எழுத்து வடிவில் ஒப்பந்தம் போட்டு அதன் நகலைக் கட்சிக்காரரிடம் தர வேண்டும் என்பது கலிஃபோர்னியாச் சட்டம். இங்கே வந்தது ஒரு பணம் பெற்ற ரசீது மட்டும். அதிலும் என்ன வேலைக்கான பணம் என்று ஒரு சொல்கூட இல்லை. விசாரணைக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா என்று அவன் கேட்டபோதெல்லாம், “போட்டாச்சு, அவங்க பக்கம்தான் தாமதம்” என்ற பதிலே வந்தது. பிறகு டி.எம்.வி.யிடமிருந்து நேரடியாக வந்த கடிதத்தில், கோரிக்கை கெடு முடிந்த பிறகே வந்து சேர்ந்தது என்றும், ஆகவே விசாரணை தர இயலாது என்றும் இருந்தது. அந்த அலுவலகம் டி.எம்.வி.க்கு அனுப்பிய தொலைநகலின் தேதியும் அதையே சொன்னது.

இதில் என்னைக் கொதிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. விசாரணை கேட்பதற்கு வழக்கறிஞரே தேவையில்லை. கைதானவர் தாமே ஓட்டுநர் பாதுகாப்பு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம், கட்டணமும் கிடையாது. முதலில் தேதியைக் காப்பாற்றிக்கொண்டு, பிறகு நிதானமாக நல்ல வழக்கறிஞரைத் தேடியிருக்கலாம். காசில்லாமல் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கக்கூடிய வேலைக்குத்தான் அவர்கள் அவ்வளவு பணம் வாங்கினார்கள், அதையும் செய்யவில்லை.

விசாரணை கிடைத்திருந்தால் உரிமம் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே தோற்பவர்களே அதிகம். காவலர் வண்டியை நிறுத்தியதற்கும் கைது செய்ததற்கும் தக்க காரணம் இருந்ததா, அளவு 0.08-ஐ எட்டியதா என்ற அளவில்தான் கேள்விகள் நிற்கும். குற்றவியல் வழக்கில் உள்ள அளவுக்கு உறுதியான நிரூபணமும் அங்கே தேவைப்படாது. ஆனாலும் அது வெறும் சடங்கு அன்று. மூச்சுப் பரிசோதனைக்கு முந்தைய பதினைந்து நிமிடம் அந்த நபர் எதையும் உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ இல்லை, வாந்தி எடுக்கவில்லை என்று தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும் என்கிறது விதி. அது நடந்ததா, கருவி முறையாகச் சரிபார்க்கப்பட்டதா என்பதையெல்லாம் அங்கே கேட்கலாம். டி.எம்.வி.யின் அலுவலர் ஒருவரே துறைக்காக வாதாடுபவராகவும் தீர்ப்புச் சொல்பவராகவும் இருக்கக் கூடாது என்று 2022-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த விசாரணைக்கு முன்பைவிட மதிப்பும் கூடியிருக்கிறது.

முடக்கம் வந்த பிறகாவது அந்த ‘மீட்பு’ அலுவலகத்தார் ஓய்ந்தார்களா என்றால், அதுதான் இல்லை. ‘அவசர மேல்முறையீடு’ என்று சொல்லி இன்னும் 1,500 டாலர் கேட்டார்கள். குற்றச்சாட்டை மது தொடர்பான அசட்டை ஓட்டுதலாகக் குறைத்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்பிவிடும் என்றும் சொன்னார்கள். இது பச்சைப் பொய். வழக்கில் அப்படிச் சமரசம் செய்துகொள்வதால் டி.எம்.வி. போட்ட முடக்கம் நீங்குவதில்லை. நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து முழுமையாக விடுவித்தால்தான் அது நீங்கும். நாங்கள் வேறொரு வழக்கறிஞரிடம் போனபோது அவர் முதலில் சொன்னது, அந்த அலுவலகம் ஒருநாளும் வாய் திறக்காத வழியை. பரிசோதனைக்கு மறுக்காமல் முதல் முறை சிக்கியவர், ஊதிக் காட்டினால்தான் வண்டி கிளம்பும்படியான கருவியைக் காரில் பொருத்தி, மது ஓட்டுநர் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, வண்டிக் காப்பீடு இருக்கிறது என்று காட்டும் எஸ்.ஆர்.-22 சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து தாக்கல் செய்து, 125 டாலர் மறுவழங்கல் கட்டணமும் கட்டினால், முடக்கக் காலத்திலும் கட்டுப்பாட்டு உரிமத்துடன் ஓட்டலாம். கருவியின் வாடகையும் காப்பீட்டுத் தொகை உயர்வும் கடிக்கத்தான் செய்கின்றன, ஆனால் வேலைக்குப் போக முடிகிறது. கருவி மாட்டியவன் இனி யாருக்கும் பணம் தர மாட்டான் என்பதால்தான் இதை மறைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உரிமத்தைக் காப்பாற்றினால் எச்-1பி விசாவும் பத்திரம் என்று அந்த ‘முதுநிலை ஆலோசகர்’ சொல்லியிருந்தார். அதுவும் உண்மை இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை, தண்டனை வரை காத்திருக்காமல், இத்தகைய கைது ஒன்றையே காரணமாகக் கொண்டு கடவுச்சீட்டில் உள்ள விசாவை ரத்து செய்ய முடியும், செய்தும் வருகிறது. உள்ளே இருப்பவரின் தங்கும் அனுமதி அதனால் உடனே போய்விடாது. ஆனால் ஊருக்கு வந்தால் புது விசா எடுத்துத்தான் திரும்ப வேண்டும், அதற்கு மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். டி.எம்.வி. விசாரணையில் வென்றாலும் தோற்றாலும் இதில் மாற்றம் இல்லை. கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ டிக்கெட் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கோப்பு திறந்ததற்கும் ‘ஆய்வு’ செய்ததற்கும் அது செலவாகிவிட்டது என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. என்ன ஆய்வு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மாநில வழக்கறிஞர் அமைப்பான ஸ்டேட் பாரிடம், பெயரை வாடகைக்கு விட்ட வழக்கறிஞர் மீது ஒரு புகாரும், உரிமம் இல்லாமலே சட்ட ஆலோசனை சொன்னவர் மீது ஒரு புகாரும் கொடுத்திருக்கிறோம். கட்டணத் தகராறுக்கு நடுவர் விசாரணை கேட்டும் மனு போட்டிருக்கிறோம். கட்சிக்காரர் கேட்டால் வழக்கறிஞர் அதற்கு வந்தே ஆக வேண்டும் என்பது விதி. இரண்டும் நடந்துகொண்டிருப்பதால் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, தனிச்செய்தியில் கேட்காதீர்கள்.

யாரிடமும் பணம் கட்டும் முன், வழக்கறிஞரின் பெயரை ஸ்டேட் பார் இணையதளத்தில் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். விசாரணை கேட்டுவிட்டோம் என்று யார் சொன்னாலும், பத்தாவது நாளுக்கு முன்பே ஓட்டுநர் பாதுகாப்பு அலுவலகத்தை நீங்களே அழைத்து, உங்கள் பெயரில் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகவில்லை என்றால் அதே அழைப்பில் பதிவு செய்து, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.