வழி தெரியாத வாசல்: ஒரு பல்கலைக்கழக இணையதளம் பற்றிய மதிப்புரை

என் தங்கையின் முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்காக, ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் பத்து நாட்கள் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள், கல்வித் தகுதி, இணைக்க வேண்டிய சான்றிதழ்கள் ஆகிய மூன்றைத்தான் தேடினோம். முதல் நாளில் மட்டும் ஒன்றரை மணி நேரம் போனது. விடை கிடைத்த பிறகும் அது இந்த ஆண்டுக்கு உரியதுதானா என்ற ஐயம் தீரவில்லை.

முகப்புப் பக்கத்தின் பெரும்பகுதியைப் பட்டமளிப்பு விழாப் படங்களும் விருதுச் செய்திகளும் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு மேலே நிர்வாகம், கல்வி, ஆராய்ச்சி, தேர்வுகள், பிற என்று ஐந்து தலைப்புகள் இருக்கின்றன. சேர்க்கை விவரம் 'கல்வி' என்பதன் கீழ் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அது இருப்பதோ 'நிர்வாக'த்தின் கீழ், பதிவாளர் அலுவலகம் என்ற பக்கத்துக்குள், 'பிரிவுகள்' என்ற இணைப்பைத் தாண்டி. சேர்க்கைப் பிரிவு பதிவாளரின் பொறுப்பில் இயங்குவதால் அங்கே வைத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவு எந்த அலுவலரின் கீழ் வருகிறது என்பது உள்ளே பணியாற்றுவோருக்குத் தெரியும். இன்னும் சேரவே சேராத மாணவிக்கு எப்படித் தெரியும்? இந்தத் தளத்தின் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அடுத்த சிக்கல் துறைகளின் பக்கங்களில் தொடங்குகிறது. படிப்புகளின் பட்டியலில் துறையின் பெயரைத் தொட்டால், அது புதிய டேப்பில் திறக்கிறது. நிறம், எழுத்துரு, மெனு எல்லாம் மாறிவிடுகின்றன. மேலே அதே பல்கலைக்கழக இலச்சினை இருக்கிறதே என்று அதைத் தொட்டால், துறையின் முதல் பக்கத்துக்கே போகிறது. 'முகப்பு' என்ற சொல்லும் அங்கே துறையின் முகப்பையே குறிக்கிறது. புதிய டேப் என்பதால் 'பேக்' பொத்தானும் வேலை செய்யவில்லை. சிறிது நேரத்தில் ஒன்பது டேப்கள் திறந்திருந்தன. எதிலிருந்து எதற்கு வந்தோம் என்று எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. 'முகப்பு › சேர்க்கை › முதுநிலை' என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி இருந்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும். இணைப்புகளால் பின்னப்பட்ட ஆவணங்களில் வாசகர் தான் நிற்கும் இடத்தையும் போக வேண்டிய திசையையும் தவறவிடுவதை ஒரு முதன்மைச் சிக்கலாகக் கணினித் துறை ஆய்வாளர் ஜெஃப் கான்க்ளின் 1987இலேயே எழுதியிருக்கிறார். உலகளாவிய வலை பிறப்பதற்கு முன்பே அறியப்பட்ட சிக்கல், ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் தளத்தில் இன்னும் அப்படியே இருப்பது வருத்தம் தருகிறது.

இணைப்புகளின் பெயர்களும் உதவவில்லை. ஒரே பக்கத்தில் 'இங்கே சொடுக்கவும்' என்று ஏழு இடங்களில் இருந்தது. விலங்கு மோப்பம் பிடித்து இரையைத் தேடுவதுபோல மனிதர் சொற்களில் கிடைக்கும் குறிப்பைப் பிடித்தே தகவலைத் தேடுகிறார் என்று 1990களில் ஆய்வாளர்கள் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் விளக்கினர். இந்த ஏழு இணைப்புகளிலும் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு குறிப்பும் இல்லை. ஒன்றைத் திறந்தால் கடந்த ஆண்டின் சுற்றறிக்கை. இன்னொன்றைத் திறந்தால் விவரக் குறிப்பேடு, அதுவும் காகிதத்தை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அதற்குள் ஒரு சொல்லையும் தேட முடியாது. பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை நேரடியாகப் படிக்காது. கடைசி நாள் ஓடும் செய்தியில் ஒன்றாகவும், துறைப் பக்கத்தில் வேறாகவும் இருந்தது. இரண்டிலும் பதிவிட்ட தேதி இல்லை. விண்ணப்பதாரருக்கு ஓராண்டையே இழக்கவைக்கக்கூடிய குறை இது என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதை முதலில் திருத்த வேண்டும்.

கைப்பேசியில் நிலைமை இன்னும் மோசம். சுட்டியை மேலே கொண்டுபோனால் விரியும் மெனு, விரலுக்கு விரிய மறுக்கிறது.

ஆனால் இதே தளத்தின் நூலகப் பகுதியை மனமாரப் பாராட்டுகிறேன். 'நூல் எடுக்க', 'கால நீட்டிப்புப் பெற', 'பழைய வினாத்தாள்களைப் பார்க்க' என்று வருபவரின் தேவையையே தலைப்பாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வந்த வழியும், கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கின்றன. என் தங்கை யாரையும் கேட்காமல், தனக்கு வேண்டிய பாடத்தின் வினாத்தாளை இரண்டே நிமிடங்களில் எடுத்துவிட்டாள். அந்தப் பகுதியை அமைத்தவர்களிடமே சேர்க்கைப் பக்கங்களையும் ஒப்படைக்கலாம். தலைப்புகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, புதிதாகச் சேர விரும்பும் பத்து மாணவர்களிடம் கொடுத்து, எது எதனோடு சேரும் என்று அடுக்கச் சொன்னாலே மெனு எப்படி இருக்க வேண்டும் என்பது புலப்படத் தொடங்கும்.

அதுவரை இந்தத் தளத்தை நாடுவோர் உள்ளே இருக்கும் தேடல் பெட்டியை நம்பாமல், வெளித் தேடுபொறியில் பல்கலைக்கழகத்தின் பெயரோடு படிப்பின் பெயரையும் ஆண்டையும் இட்டுத் தேடுவது நல்லது. கடைசி நாளை மட்டும் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். சேர்க்கைப் பிரிவின் எண், விவரக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.