சுவரோரப் பாத்திக்குக் களைத்தடுப்பு விரிப்பா, கச்சான் இனக் கொடியா?

ஹட்டனுக்கு அண்மையில், சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் எங்கள் வீடு நிற்கிறது. அதன் முன்சுவரோரம் இருபதடி நீளமான பூப்பாத்தி ஒன்று உண்டு. மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால், கூரையிலிருந்து விழும் நீர் மண்ணைக் கிளறி, வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண்ணைத் தெறிக்க வைத்துவிடும். அதைத் தடுக்கவும், களைபிடுங்கும் வேலையைக் குறைக்கவும், ஈராண்டுகளுக்கு முன் பிளாஸ்டிக் இழைகளால் நெய்த கறுப்புக் களைத்தடுப்பு விரிப்பு ஒரு சுருள் வாங்கினேன். பத்து ஆண்டுகளுக்குக் களையே வராது என்று விற்றவர் உறுதி கூறினார்.

முதல் நான்கு மாதங்கள் பாத்தி துப்புரவாகவே இருந்தது. மழை கனத்த பின்னர்தான் குறை தெரிந்தது. நெசவின் நுண்துளைகளை வண்டல் அடைத்துக்கொண்டதால் நீரின் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் மேலாக வழிந்தோடியது. ஓரங்களால் புகுந்த நீரோ சரிவு வழியே விரிப்பின் அடியிலேயே ஓடி மண்ணை அரித்துச் சென்றது. மேலே படிந்த தூசியிலும் உக்கிய இலைகளிலும் புல் முளைத்து, அதன் வேர்கள் நெசவுக்குள் பின்னிக்கொண்டதால், ஒரு புல்லைப் பிடுங்கினால் விரிப்பும் கிழிந்து வந்தது. அதை முழுவதுமாக அகற்றிய நாளில், ஐதரேஞ்சியாச் செடிகளின் அடிமண் ஒரு மண்புழுகூட இல்லாமல் இறுகிக் கிடந்ததைக் கண்டு உண்மையாகவே வருந்தினேன். சமதரையில், கல் பரப்பிய நடைபாதைக்கு அடியில் இடுவதற்கு இது நல்ல பொருள். மிஞ்சிய துண்டை நானும் அங்கேதான் பயன்படுத்துகிறேன். செடி வளரும் சரிவுப் பாத்திக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக நட்டது, பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட, கச்சான் இனத்தைச் சேர்ந்த அரக்கிஸ் பின்டோய் என்னும் படர்கொடி. பண்டாரவளைப் பக்கத்து நாற்றுமேடை ஒன்றில் சிறு பைகளில் வேர்விட்ட கன்றுகளாகக் கிடைத்தது. ஓரடி இடைவெளியில் நட்டு, அது மூடும் வரை இடைவெளிகளில் கவ்வாத்துக் குச்சிகளையும் இலைகளையும் பரப்பினேன்; தேயிலை மலைகளில் மண்ணைக் காக்க நெடுங்காலமாகக் கையாளும் முறை வீட்டுப் பாத்திக்கும் பொருந்துகிறது. ஐந்து மாதங்களில் கொடி தரையை மூடியது. ஒவ்வொரு கணுவிலும் வேர்விடுவதால் மண்ணை இறுகப் பிடிக்கிறது. அவரைக் குடும்பச் செடியாதலால் அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துகின்றன. சுவரில் பற்றி ஏறுவதுமில்லை. காலை வெயிலில் விரியும் சிறு மஞ்சள் பூக்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. கடந்த மழைக்குச் சுவர் பெரிதும் அழுக்காகவில்லை.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கூரைநீர் நேராக விழும் இடத்தில் எந்தக் கொடியும் நிலைக்காது என்பதால், சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குக் கருங்கல் சல்லி இட்டேன். சுவரடியில் ஈரம் தேங்காமலிருக்கவும் அது உதவுகிறது. அடர்ந்த பசுமையில் அட்டைகள் தங்கும் என்பதால் வாசற்படியருகே கொடியை ஒட்ட நறுக்கி வைக்க வேண்டும். பான்சி போன்ற சிறு பூச்செடிகளை அது மூடிவிடும். ரோஜாவுக்கும் ஐதரேஞ்சியாவுக்கும் அடியில் இணங்கி வளர்கிறது.

அதே நாற்றுமேடையில் வெடெலியாவையும் காட்டினார்கள். அதுவும் மஞ்சள் பூக்கும், விரைவாகப் படரும். ஆனால் இலங்கையில் ஆக்கிரமிப்புத் தாவரமாகிவிட்ட செடி அது. வெட்டி எறிந்த ஒரு துண்டு ஓடைக்கரையில் வேரூன்றினால் கரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குக் கீழே நீரோடை உள்ளவர்கள் எக்காரணம் கொண்டும் அதை வாங்க வேண்டாம்.

1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாசியில் பனி உறையும் பள்ளங்களில், பின்டோயின் இலைகள் கருகிவிடும். அங்கே வீடு உள்ளவர்களுக்குக் குட்டையான ஒபியோபோகன் புல் பொருத்தமானது. அது உறைபனியைத் தாங்கும். மெதுவாகவே பரவுமாதலால் நான்கங்குல இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டியிருக்கும்.