மலையில் 40 சென்ட் வாங்கப் போய் 4,80,000 ரூபாயை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்

நேற்று ராத்திரிதான் மலையிலிருந்து திரும்பினேன். இன்னும் தூங்கவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும், அடங்கிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி என்று இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். வாங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போனது 4,80,000 ரூபாய்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறவன். ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம். மலையில் கொஞ்சம் இடம், நாலு காபிச் செடி, ஓட்டு வீடு ஒன்று. இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் இருப்பவர்களின் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன். ஒரு சீட்டு முடிந்து கையில் பணம் வந்தது. மீதிக்கு என் மனைவி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். இதை எழுதும்போதுதான் கை நடுங்குகிறது.

நிலம், வீடு விளம்பரம் போடுகிற ஒரு ஆப்பில்தான் பார்த்தேன். பெயர் வேண்டாம், உங்கள் போனிலும் இருக்கும். 'தாண்டிக்குடி அருகே 40 சென்ட் காபித் தோட்டம், மிளகுக் கொடி, வற்றாத ஊற்று, ரோட்டு மேல் இடம், சென்ட் 40,000.' பக்கத்தில் பச்சை டிக், 'சரிபார்க்கப்பட்டது' என்று. அந்த டிக்கை நம்பித்தான் போனே செய்தேன்.

பங்குனியில் போனோம். காபி பூத்திருந்த நேரம். காபிப் பூவை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மல்லிகைத் தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நல்ல மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் மலையே வெள்ளையாகிவிடும். ரெண்டு மூணு நாள்தான் நிற்கும். புரோக்கர் அந்த நாள் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது. சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகு, கீழே வெள்ளைப் பூ. என் மனைவி ஒன்றும் பேசாமல் நின்றாள். புரோக்கர் தன் போனில் எங்கள் இருவரையும் செடிகளுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்தார். 'ஞாபகத்துக்கு இருக்கட்டும் சார்.'

அதற்கப்புறம்தான் என்னை விழ வைத்த இடம். பங்குனி உத்திரம். ஊர் முருகன் கோயிலில் அன்னதானம். 'வந்தது வந்துட்டீங்க, சாமி சாப்பாடு சாப்பிடாம போகக் கூடாது' என்று பந்தியில் உட்கார வைத்தார். 'நம்ம ஊருக்கு வரப்போறவங்க' என்று பரிமாறுகிறவர்களிடம் சொன்னார். ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், பாயசத்தை இரண்டாம் தரம் ஊற்றிவிட்டு, கிளம்பும்போது ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தை என் மனைவி மடியில் வைத்தார். 'மகராசியா வாங்க' என்றார். காரில் ஏறும்போது புரோக்கருக்கு நான் 'அண்ணே' ஆகியிருந்தேன், அவள் 'மதினி' ஆகியிருந்தாள். டவுனில் இருபது வருஷமாக எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்கிறவனுக்கு அது போதாதா?

டோக்கன் 30,000 அன்றைக்கே கொடுத்தேன். அடுத்த வாரம் வங்கி வழியாக 2,00,000. அப்புறம் 'நிலத்துக்காரங்க குடும்பத்துல மூத்தவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, ரொக்கமா கொடுத்தா உதவியா இருக்கும்ணே' என்றதால் 2,50,000 ரொக்கம். ரசீது இல்லை. மொத்த விலை 16 லட்சத்தில் முப்பது சதவீதம், 4,80,000.

ஒன்றுமே பார்க்காமல் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். கணக்கு எழுதுகிறவன் அல்லவா, பட்டாவை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். சர்வே எண் நிஜம். ஆனால் 3 ஏக்கர் 60 சென்ட் கூட்டுப் பட்டா, ஏழு பெயர். உட்பிரிவு ஆகவில்லை. கேட்டேன். 'எல்லாம் ஒரே குடும்பம்ணே, மூத்தவர் பவர் கொடுத்திருக்காரு. பொம்பளைப் பிள்ளைங்க கையெழுத்தெல்லாம் தேவையில்லை' என்றார். வில்லங்கமும் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அக்ரிமென்ட்டைப் பதிவு செய்துவிடலாமா என்றும் கேட்டேன். 'நமக்குள்ள எதுக்குண்ணே வீண் செலவு? நேரா கிரயமே போட்டுருவோம்.' இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, நோட்டரி முத்திரை வைத்து, கோயில் விளக்குக்கு முன்னால் வைத்துக் கொடுத்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முட்டாள்.

பணம் கைமாறிய மாதமே 'அண்ணே' மறுபடி 'சார்' ஆனது. சித்திரையில் சர்வேயர் தேதி தரவில்லை. வைகாசியில் மூத்தவர் திருப்பூரில் மகன் வீட்டில். ஆனியில் போனையே எடுக்கவில்லை. ஆடியில், 'ஆடி மாசம் யாராவது பத்திரம் போடுவாங்களா சார்?' ஆவணி வந்தது, சர்வர் வேலை செய்யவில்லை. புரட்டாசியில் அவருடைய மாமனாருக்கு உடம்பு சரியில்லை. இப்போது ஐப்பசி: 'மழை சார், ரோட்டில் மண் சரிஞ்சு கிடக்கு, யாரும் மேல போக முடியாது.'

நேற்று நான் போனேன். வத்தலக்குண்டில் பஸ் மாறி, பெரும்பாறை வழியாக. ரோட்டில் ஒரு கல்கூடச் சரிந்திருக்கவில்லை.

புரோக்கர் இல்லாமல் அந்த ஊருக்குள் நான் போவது அதுதான் முதல் தடவை. டீக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, 'அந்த நாப்பது சென்ட்டா? நீங்க நாலாவது ஆளுங்க' என்றார். அதே இடத்துக்கு எனக்கு முன்னால் மூன்று பேர் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் பதிவில்லாத அக்ரிமென்ட். பதிவு ஆனதுதானே வில்லங்கத்தில் வரும்? அதனால்தான் எனக்குச் சுத்தமாகக் காட்டியது. ரோட்டு மேல் இடம் என்றாரே, அந்த ரோடு பக்கத்து எஸ்டேட்காரருடையது. அன்றைக்குப் புரோக்கர் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

'ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?' என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் கோபமாகவே. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'நீங்க அவன் காரில் வந்தீங்க, அவன் காரில் போனீங்க. எங்ககிட்ட ஒத்த வார்த்தை கேட்டீங்களா? அவனும் உள்ளூர்க்காரன். நாளைக்கு எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு அவனும் வந்து நிக்கணும். கேட்டா சொல்லுவோம், கேக்காதவங்க காரை மறிச்சா சொல்ல முடியும்?' எனக்குப் பதில் இல்லை. வெளியூர்க்காரர்கள் வாங்கி, கேட்டைப் போட்டுப் பூட்டி, ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயையும் அடைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அவருக்குத் தனி வருத்தம் இருந்தது. அது நியாயம்தான்.

அப்புறம் அந்தக் குடும்பத்தில் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்தது அந்த அம்மா. பாயசம் ஊற்றியவர், வாழைப்பழம் கொடுத்தவர். பட்டாவில் ஐந்தாவது பெயர் அவருடையது. 'கையெழுத்துத் தேவையில்லை' என்று சொல்லப்பட்ட பொம்பளைப் பிள்ளை அவர்தான். நாங்கள் ஏதோ கோயிலுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்திருக்கிறார். 'எங்கப்பா கையால வச்ச சில்வர் ஓக்குங்க அது. நான் எதுக்கு விக்கப் போறேன்?' என்றார். கோபப்படவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியாமல் குடித்தேன்.

கீழே இறங்கி ஆப்காரர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தது. சரிபார்க்கப்பட்டது என்று போட்டிருக்கிறதே என்றேன். 'சார், அது மொபைல் நம்பரைச் சரிபார்த்தது சார், நிலத்தை இல்ல.' பத்து நிமிஷத்தில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். காவல் நிலையத்தில் 'இது சிவில் மேட்டர்' என்றார்கள். ஒன்றரை மணி நேரம் நின்றபின் மனு ரசீது மட்டும் கிடைத்தது. தெரிந்த வக்கீல் ஒருவர் போனிலேயே திட்டினார். நிலம் விற்கிற அக்ரிமென்ட்டும் பவரும் பதிவு செய்தே ஆக வேண்டும், நிலத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, கணக்கு எழுதுகிற உனக்கே இது தெரியாதா என்று. வங்கியில் போட்ட 2,00,000-க்கு ஆதாரம் இருக்கிறது, மற்றது கஷ்டம், வழக்குப் போடக் கெடு மூன்று வருஷம் என்கிறார். நாளை எஸ்.பி. ஆபீஸில் நில மோசடிப் பிரிவுக்கு மனு எழுத வேண்டும். 4,80,000.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இவ்வளவுதான்: கூட்டுப் பட்டா என்றால் எல்லோரையும் நேரில் பாருங்கள், பெண் வாரிசுகளை முதலில். அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். புரோக்கர் இல்லாமல் ஒரு நாள் பஸ்ஸில் போய் டீக்கடையில் உட்காருங்கள். பூக்காத மாதத்தில் போங்கள்.

இன்னொன்று. விளம்பரம் இன்னும் அந்த ஆப்பில் இருக்கிறது. இப்போது சென்ட் 38,000. பச்சை டிக் அப்படியே. புதிதாக ஒரு படம் சேர்த்திருக்கிறார்கள், 'ஏற்கனவே இங்கே வாங்கிய மகிழ்ச்சியான குடும்பம்' என்று கீழே எழுதி. காபிப் பூவுக்கு நடுவே நீலப் புடவையில் நிற்பது என் மனைவி. பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் நான். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் போன் செய்துவிடாதீர்கள்.