ராக்கி மலையா, யோசெமிட்டியா? இருவர் மட்டும் செய்துகொள்ளும் கல்யாணத்துக்கு எது தோது?

மண்டபம், பந்தி, கூட்டம் எதுவும் வேண்டாம், மலையில் நாம் இருவர் மட்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். சரி, அமெரிக்காவில் எங்கே? கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவிலா, கலிபோர்னியா மாநிலத்தின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலா?

சட்டப்படி பார்த்தால் கொலராடோதான் சுலபம். கல்யாணத்தை நடத்திவைக்க ஆளும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கல்யாண உரிமம் வாங்கி, 35 நாளுக்குள் கல்யாணத்தை முடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். கலிபோர்னியாவில் நடத்திவைக்க ஒருவர் கட்டாயம். உரிமம் 90 நாள் செல்லும். பூங்கா அனுமதி இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும். ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் அவர்கள் குறித்திருக்கும் இடங்களில் மட்டும்தான் கல்யாணம். ஸ்ப்ரேக் ஏரிக்கரை அதில் ஒன்று.

காட்சிக்கு என் ஓட்டு யோசெமிட்டிக்கே. அங்கே டாஃப்ட் பாயிண்ட் என்ற காட்சிமுனைக்கு ஒரு மைல் சொச்சம் நடந்தால் மொட்டைக் கருங்கல் விளிம்பு, பாறையில் ஆழமான பிளவுகள், எதிரே எல் கேப்பிட்டன் என்ற பிரம்மாண்டமான செங்குத்துப் பாறை. ஆனால் ஒரு சிறு பகுதி தவிர விளிம்பில் கம்பித் தடுப்பு கிடையாது. 2018இல் ஓர் இந்தியத் தம்பதி அங்கிருந்து விழுந்து இறந்தார்கள். சேலையோ நீள கவுனோ காற்றில் காலைச் சுற்றும். தயவுசெய்து விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள். குளிர்காலத்தில் அங்கே போகும் சாலையும் மூடிவிடும்.

ராக்கியில் கவனிக்க வேண்டியது உயரமும் இடியும். ஸ்ப்ரேக் ஏரியே 8,600 அடிக்கு மேல். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், ஓரிரு நாள் முன்பே போய்த் தங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் அடிக்கடி மின்னல் வெட்டும். முகூர்த்தத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.